ஐந்து குறிஞ்சி வயது

கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில் இருந்த என் அப்பத்தாவிடம் வயது கேட்டால் எண்ணாகப் பதில் வராது. "குறிஞ்சி பூத்த மறுவருஷம் பொறந்தேன்" என்பார். பழனி மலைப் பளியர்களும் குறிஞ்சியை வைத்துத்தான் வயதைக் கணக்கிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடி. 2006இல் பூத்தது, பிறகு 2018இல்.

மூளை இணைப்புத் தரவுகளை ரிக்ரஷனில் போட்டுப் பார்ப்பது என் தொழில். ஸ்கேனருக்குள் சும்மா படுத்திருப்பவரின் மூளையில் எந்தெந்தப் பகுதிகளின் சமிக்ஞை சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று அளக்கிறோம். நோயாளிகளிடம் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆனால் வயதானாலும் தளரும். ஓய்வின்போது சேர்ந்து இயங்கும் பகுதிகளின் தொகுப்பான டிஃபால்ட் மோட் நெட்வொர்க்கில் அது நன்றாகவே தெரியும். வயதானவர்கள் ஸ்கேனருக்குள் தலையைக் கொஞ்சம் கூடுதலாக அசைப்பார்கள். அந்த அசைவே தொலைவிலுள்ள பகுதிகளின் இணைப்பைக் குறைத்துக் காட்டும். ஆகவே வயதைக் கோவேரியேட்டாகச் சேர்க்கிறோம். சேர்த்ததும், "வயதைக் கன்ட்ரோல் பண்ணியாச்சு" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

நானும் பல வருடம் அப்படித்தான் போனேன்.

ஆனால் அட்டவணையில் ஏறும் அந்த வயதே சரியா? 2018 வரை ஐந்து குறிஞ்சி கண்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1958 பூப்புக்குப் பிறகு, 1970 பூப்புக்குள் பிறந்தவர். 2018இல் அவருக்கு 48 வயதும் இருக்கலாம், 60ஐ நெருங்கியும் இருக்கலாம். நடுவாக 54 என்று அட்டவணையில் எழுதினால் மாடல் அதை அப்படியே நம்பும். நோயாளிகளில் 54 என்று எழுதப்பட்டவர்கள் உண்மையில் 60 பக்கமும், ஒப்பீட்டுக் குழுவினர் 48 பக்கமும் சாய்ந்திருந்தால் அந்த வித்தியாசத்தை வயதுக் கட்டம் பிடிக்காது. வயது செய்த வேலை நோயின் கணக்கில் ஏறிவிடும்.

பள்ளிச் சான்றிதழ் இருந்தால் தீர்ந்ததா? ஜூனில் ஐந்து வயது நிரம்ப வேண்டுமென்று வாத்தியார் போட்டுக்கொடுத்த பிறந்த தேதியோடு வாழ்கிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! இதைவிட எனக்குக் கவலை தருவது பிழை இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாதது. நோயாளிகள் மலைக் கிராமத்திலிருந்தும், ஒப்பீட்டுக்கு வருபவர்கள் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் நகரத்துக் குடும்பங்களிலிருந்தும் வந்தால், ஒரு பக்கம் வயது அளவு, மறுபக்கம் ஊகம்.

வயது துல்லியமாகத் தெரிந்தாலும் தீராத சிக்கலும் கொடைக்கானலிலேயே உண்டு. 1980களில் தொடங்கி 2001 மார்ச்சில் மூடப்பட்ட பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை. பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு 2016இல்தான் ஆலை நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. இப்படிப்பட்ட ஆலையில் முதலில் சேர்ந்தவர்களே பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், அதிக வருடம் வேலை பார்த்தவர்களும் அவர்களே. வயதும் வேலை செய்த வருடங்களும் கைகோத்து வரும்போது, இரண்டையும் ஒரே மாடலில் போட்டால் பங்கைப் பிரிக்க அதனால் முடியாது. பிழை வரம்பு அகன்றுவிடும். "வயதைக் கழித்தபின் பாதிப்பு தெரியவில்லை" என்ற வரி அப்போது உண்மைபோல ஒலிக்கும். பாதிப்பு இல்லை என்பது வேறு, அதைக் காணும் பலம் தரவுக்கு இல்லை என்பது வேறு. ஆலைக்குள் கால் வைக்காத, அதே ஊரின், அதே வயதுக்காரர்களையும் சேர்த்து அளந்தால்தான் வயதின் பங்கு தனியே தெரியும். அது கள வேலை. எந்தச் சூத்திரமும் அதற்கு ஈடாகாது.

இப்போது என் அட்டவணையில் வயதுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: வயது எப்படித் தெரிந்தது என்று. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, குடும்பத்தார் சொன்னது, குறிஞ்சி. கடைசி வகையில் வருபவர்களின் வயதை ஆறு வருடம் முன்னும் பின்னுமாக நகர்த்தி, ஆயிரம் முறை ரிக்ரஷனை ஓட்டுகிறேன். முடிவு ஆடினால் ஆடுகிறது என்று கட்டுரையில் எழுதுகிறேன். நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகளிடம், "வயசு என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள் என்கிறேன். கல்யாணம் எந்தக் குறிஞ்சியை ஒட்டி, தலைச்சன் பிள்ளை நடை பழகியது எந்தக் குறிஞ்சிக்கு என்று கேட்கச் சொல்கிறேன். அப்பத்தா சொன்ன அந்த "மறுவருஷம்" என்ற ஒரு சொல், பன்னிரண்டு வருட இடைவெளியை ஒரே வருடமாகச் சுருக்கிவிடும்.