டக்... டக்... டக்...

லாஸ்பேட்டையில எங்க மாடியறையில இருக்குறது 2000-ல வந்த யமஹா ஏடபிள்யூ4416. மிக்ஸர், ஒலிப்பதிவு ரெண்டும் ஒரே பெட்டியில. அதுக்குள்ள தனியா வாங்கிப் போட்ட ஹார்ட் டிஸ்க், போன மாசம் 'டக் டக்'னு தட்ட ஆரம்பிச்சுது. பாட்டு எதுவும் திறக்கல.

டிஸ்க் போனா போகட்டுங்க. அத்தை பாடின ஒப்பாரி ஒன்பது அதுல இருக்கு. அத்தை இப்ப இல்லை.

16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு டிராக்குக்கு நிமிஷத்துக்கு சுமார் 5 எம்.பி.தான். இன்னிக்கு இதெல்லாம் ஜுஜுபி. ஆனா இதுக்கு வேண்டியது 2.5 அங்குல, 44 பின் ஐடிஇ டிஸ்க். கடையில கேட்டா சாட்டாவைத்தான் நீட்டுறாங்க. ஞாயிறு சந்தையிலயும் அலசியாச்சு.

கைகொடுத்தது காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு. ஐடிஇ பாஷை அதுக்குப் பிறவியிலேயே தெரியும். நடுவுல ஒரு அடாப்டர் போதும். மிக்ஸர் எழுதி வெச்ச முறை கம்ப்யூட்டருக்குப் புரியாது. அதனால லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூ போட்டு, பழைய டிஸ்க்கை செக்டர் செக்டரா அப்படியே நகலெடுத்தோம். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போயிட்டு, கடைசியில திரும்பி வந்து முயற்சி பண்ணும். ரெண்டு ராத்திரி ஓடுச்சு.

ஏழு திறந்துச்சு. ரெண்டு போச்சு. ஒண்ணுல பாடி முடிச்சதும் அத்தை, "போதுமாடா? உலை கொதிக்குது"ங்குது. அந்த ஏழையும் மூணு இடத்துல காப்பி எடுத்து வெச்சாச்சு.

உங்க வீட்டுப் பழைய டிஸ்க் இன்னும் சத்தம் போடலையா? இன்னிக்கே காப்பி எடுத்துடுங்க மக்களே!