பில் கேட்ஸ் காசு எத்தனை நாளைக்கு வரும்?

"பில் கேட்ஸ் கிட்ட இருக்கிற காசைப் பிரிச்சுக் குடுத்தா உலகத்துல ஏழையே இருக்க மாட்டான்." பொட்டி தட்டுற நம்ம கூட்டத்துல மாசத்துக்கு ஒருத்தராவது இதைச் சொல்லாம இருக்கிறதில்லை. கேக்க நல்லாத்தான் இருக்கு. சரி, ஒரு தடவை கணக்குப் போட்டே பார்த்துடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல அளவு புரியணும் மக்களே. ஒரு லட்சம் விநாடின்னா ஒரு நாளும் சொச்சமும். ஒரு பில்லியன், அதாவது 100 கோடி விநாடின்னா 31 வருஷத்துக்கு மேல. ஒரு டிரில்லியன், நம்ம கணக்குல லட்சம் கோடி விநாடின்னா 31,000 வருஷத்துக்கும் மேல! ரெண்டும் காதுல ஒரே மாதிரிதான் விழுது. தனி மனுஷன் சொத்து பில்லியன்ல இருக்கு, அரசாங்கச் செலவு டிரில்லியன்ல இருக்கு.

2025 மே மாசம் கேட்ஸ் ஒரு அறிவிப்பு விட்டார். அடுத்த 20 வருஷத்துல தன் சொத்துல கிட்டத்தட்ட எல்லாத்தையும் அறக்கட்டளை வழியா குடுத்துடுவாராம். அப்போ அவர் சொத்து மதிப்பு சுமார் 10,800 கோடி டாலர். அமெரிக்க மத்திய அரசு 2024 நிதியாண்டுல செலவழிச்சது சுமார் 6.75 லட்சம் கோடி டாலர். ஒரு நாளைக்கு 1,840 கோடி. ஆக, கேட்ஸ் சொத்து மொத்தத்தையும் கஜானாவுல கொட்டினா ஆறு நாள்கூட முழுசா ஓடாது. திங்கட்கிழமை காலையில ஆரம்பிச்சா சனிக்கிழமை ராத்திரிக்குள்ள காலி!

"அவர் பழைய ஆளுப்பா, மஸ்க்கை எடு"ன்னு சொல்வீங்க. எடுத்தாச்சு. 2025 அக்டோபர்ல ஃபோர்ப்ஸ் கணக்குப்படி 50,000 கோடி டாலரைத் தொட்ட முதல் மனுஷன். அது 27 நாள். 34 கோடி அமெரிக்கர்களுக்குப் பிரிச்சுக் குடுத்தா தலைக்கு சுமார் 1,470 டாலர். 2021-ல கொரோனா நிவாரணமா அந்த அரசாங்கம் பெரும்பாலான மக்களுக்கு 1,400 டாலர் அனுப்புச்சே, கிட்டத்தட்ட அதே தொகை. உலகத்தின் முதல் பணக்காரன் சொத்து = ஒரே ஒரு தடவை வந்த நிவாரணக் காசு :-) இதுலயும் பெரும்பகுதி பங்குகள். மொத்தத்தையும் ஒரே நாள்ல விக்கப் போனா, வாங்க ஆள் இல்லாம விலை சரிஞ்சுடும்.

அப்போ பணக்காரங்களைச் சும்மா திட்டுறோமா? அவசரப்படாதீங்க. அதே காசை வேற இடத்துல வெச்சுப் பாருங்க. அப்போ 194 நாடுகள் உறுப்பினரா இருந்த உலக சுகாதார நிறுவனத்துக்கு 2024, 2025 ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து பட்ஜெட் 683 கோடி டாலர். கேட்ஸ் அறக்கட்டளைக்கு 2025 ஒரு வருஷத்துக்கு மட்டும் 874 கோடி! அமெரிக்க பட்ஜெட் முன்னாடி தூசு மாதிரி இருந்த காசு, இங்க மலையா நிக்குது. எந்த நோய்க்கு முதல்ல மருந்துங்கிறதுல அவர் பேச்சுக்கு எவ்வளவு கனம் இருக்கும்! அவரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலை.

சொத்துங்கிறது தொட்டித் தண்ணி. அரசாங்கச் செலவுங்கிறது ஓடுற வாய்க்கால். 2003-ல புஷ் ஆரம்பிச்ச எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தையே எடுத்துக்கங்க. இருபது வருஷத்துக்கு மேல அதுக்குப் போன பணம் 10,000 கோடி டாலரைத் தாண்டும். கேட்ஸோட மொத்தச் சொத்தும் அந்த அளவுதான். அமெரிக்க பட்ஜெட்ல அது ஒரு மூலை, ஆனா நிக்காம வந்துச்சு. இரண்டரைக் கோடி உயிரைக் காப்பாத்தினதா அமெரிக்க அரசே சொல்லுது. 2025-ல யுஎஸ்எய்டை மூடி உதவிகளை வெட்டினப்போ, அந்த இடத்தை எந்த அறக்கட்டளையாலும் நிரப்ப முடியாதுன்னு கேட்ஸே சொல்லிட்டார்.

வாய்க்காலுக்குத் தண்ணி வர்றது வரியிலிருந்து. 2007, 2011 ரெண்டு வருஷமும் ஜெஃப் பெசோஸ் மத்திய வருமான வரியா ஒரு டாலர்கூடக் கட்டலைன்னு 2021-ல புரோபப்ளிகா வெளியிட்டுச்சு. சட்டத்தை மீறினார்னு அதுல இல்லை. 2007-ல அமேசான் பங்கு ரெண்டு மடங்குக்கு மேல ஏறுச்சு, ஆனா விக்காத பங்கு அங்க வருமானம் கிடையாது. நமக்கோ டிடிஎஸ் பிடிச்ச பிறகுதான் சம்பளமே கண்ணுல படும்!

அதனால யார்கிட்ட எவ்வளவு குவிஞ்சிருக்குன்னு வாயைப் பொளக்கிறதை விட, வருஷா வருஷம் பொதுக் கணக்குக்கு எவ்வளவு வருது, அது எங்க போகுதுன்னு கேக்கிறது உருப்படியான வேலை. கேட்ஸ் அறக்கட்டளையை மூட தேதியே குறிச்சாச்சு, 2045 டிசம்பர் 31. மறுநாள் பொறக்கிற குழந்தைக்கும் தடுப்பூசி வேணும். அதுக்கான காசு எந்த வாய்க்கால்ல வரப் போகுது?