முக்கால் மூட்டை

எடவப்பாதி மழைக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் கரமனை வீட்டின் முன்கதவு அடித்துக்கொண்டே இருக்கும். அதை அசையாமல் பிடித்து நிறுத்துவது ஒரு கறுப்பு ரெக்ஸின் பை. ஒன்றேகால் கிலோ இருக்கும். அடியில் சைக்கிள் டியூப், முதுகில் பலாப்பலகைத் துண்டு, பலகையில் துருவேறிய இரண்டு போல்ட். பார்க்கிறவர்கள் கதவுக்கென்றே செய்தது என்று நினைக்கிறார்கள். ஏழு வருஷம் அது என் காரின் டேஷ்போர்டில் உட்கார்ந்து வழி சொல்லும் கருவியைச் சுமந்தது.

2011இல் மருந்துக் கம்பெனி ஒன்றின் பிரதிநிதியாக நெடுமங்காடு, காட்டாக்கடை, விதுரை என்று சுற்றிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்து விலாசங்களில் தெரு எண் அபூர்வம். ரேஷன் கடைக்கு எதிரே, அம்பலத்துக்குக் கிழக்கே, பலாமரம் நிற்கும் வளவு என்றுதான் இருக்கும். மலைச்சரிவில் மழையில் வழி தவறி டாக்டரின் நேரத்தைக் கோட்டைவிட்ட நாட்கள் பல. அதனால் பழைய கார் வாங்கிய கையோடு அந்தக் கருவியையும் வாங்கினேன். கண்ணாடியில் ஒட்ட ஒரு உறிஞ்சி கொடுத்திருந்தார்கள். சித்திரை வெயிலில் அடைத்து நிறுத்திய காரின் டேஷ்போர்டு அறுபது டிகிரியைத் தாண்டும். உறிஞ்சிக்குள் மிச்சமிருக்கும் காற்று சூட்டில் விரியும், பிளாஸ்டிக் விளிம்பு இளகும். வெளிக்காற்றின் அழுத்தம்தான் அதைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடிக்கிறது. விளிம்பில் மயிரிழை வழி கிடைத்தால் போதும், பிடி விட்டுவிடும். ஒரு நாள் நெய்யாற்றின்கரை வளைவில் கருவி கழன்று பிரேக் பெடலுக்கடியில் உருண்டது. காலை ஊன்றினால் பெடல் இறங்கவில்லை. எதிரே பஸ். எப்படித் தப்பினேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வழி சொல்லுகவன் மொதல்ல ஒரு எடத்துல நிக்கணும்லா, மக்களே" என்றார்.

ஒரு இடத்தில் நிற்பது அவருக்குத் தெரியும். பூதப்பாண்டியிலிருந்து பதினாலு வயதில் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தவர். அரிசி மண்டியில் மூட்டை தைக்கும் வேலை. ஆ. மாதவன் கடை நடத்திய தெரு அது. அவர் கதைகளில் வரும் சுமட்டுக்காரர்களையும் கடைப்பையன்களையும் படிக்கும்போதெல்லாம், ஒரு ஓரத்தில் கோணூசியோடு அப்பாவும் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே திண்ணை. ஆனால் ஆரியசாலையிலிருந்து கிழக்கேகோட்டை வரைக்கும் எந்தச் சந்து எந்தச் சந்தில் போய் முட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரம் சொன்னது மேத்தன் மணி. பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே இருக்கிற அந்தக் கடிகாரத்தில் மணிக்கொரு தடவை தாடிக்காரர் வாய் திறப்பார், இரண்டு ஆடுகள் பாய்ந்து அவர் கன்னத்தில் முட்டும். சின்ன வயதில் அதைக் காட்டவே அப்பா என்னைத் தோளில் தூக்கிப் போவார்.

கருவி வாங்கிய பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று: அதற்குள் இருப்பதும் கடிகாரக் கணக்குத்தான். செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தன் அணுக்கடிகாரத்தின் நேரத்தை ஓயாமல் அனுப்புகிறது. அது வந்து சேரும் தாமதத்தைத் தூரமாக மாற்றி, நான்கு கோள்களின் கணக்கைச் சேர்த்து, நாம் நிற்கும் இடத்தைக் கருவி கண்டுகொள்கிறது. ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் முந்நூறு மீட்டர் தள்ளிப்போகும். பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே கலங்கலாக வைத்திருந்தது. 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள். அதற்கு முன்பு என்றால் என் கருவி விதுரை டாக்டரின் வீட்டை ஆற்றில் காட்டியிருக்கும்.

பைக்கு வருகிறேன். முதலில் நான் தைத்தேன். உள்ளே அரிசி. மழைக்காலத்தில் வண்டு விழுந்தது. பிறகு ஆற்றுமணல், திணித்துத் திணித்து நிறைத்தேன். பை பந்து மாதிரி விறைத்து முதல் வளைவிலேயே உருண்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் பிரித்தார். கால்பங்கு மணலை முறத்தில் கொட்டினார். "நெறச்சா உருளும், கொறச்சா உக்காரும். முக்கா மூட்டைக்குத்தான் அடுக்கு நிக்கும்" என்றார். இடம் விட்டால் மணல் உள்ளே நகர்ந்து டேஷ்போர்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி தன்னைப் பரத்திக்கொள்கிறது. பை படியும் பரப்பு கூடுகிறது. இந்த விவரத்தை நான் பிற்பாடு யோசித்து அறிந்தேன். அவர் கைக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது.

கனம் போதவில்லை. பூந்துறையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் கால் கிலோ வாங்கி வந்தேன். அவற்றைத் துணியில் சுற்றி அடியில் வைத்தார். டியூபுக்குச் சைக்கிள் கடை. பலகை பக்கத்து ஆசாரி இழைத்துக் கொடுத்தது. கருவியின் தாங்கியைப் பலகையோடு போல்ட் போட்டு முறுக்கினேன். கடைசித் தையலை அவரே போட்டார்; ஊசியைப் பின்னுக்கு வாங்கி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் அமுக்கி ஒரு முடிச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்குப் போனோம். இருபத்திரண்டு கொண்டையூசி வளைவு. பை இம்மியும் நகரவில்லை. நான் ரோட்டைப் பார்த்தேன், அப்பா பையையே பார்த்துக்கொண்டு வந்தார். மேலே மஞ்சுக்குள் வண்டியை நிறுத்தியபோது, எதையோ தொடர்வது போல ராக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

1963 நவம்பர் 21. அவர் சாலைக்கு வந்து சில மாதம் ஆகியிருந்தது. அந்தி நேரம். மண்டி மச்சில் நின்றவர்கள் கத்தினார்கள். வானத்தில் செம்மஞ்சளாக ஒரு மேகம். தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட், நைக்–அப்பாச்சி, மேலே சோடியம் ஆவியைக் கொட்டிய நிறம் அது. காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிப் போனதால்தான் அந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐரோப்பாவில் காந்த ஊசியை நடுவில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு முனை பூமியைப் பார்த்துச் சரியும். இங்கே சரியாமல் கிடையாக நிற்கும். அங்கிருந்த தேவாலயம் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிள் கேரியரில் போயின. அன்றைக்கு ராக்கெட்டைத் தூக்கவேண்டிய கிரேனில் எண்ணெய் கசிந்துவிட, கடைசியில் ஆட்கள் கைகொடுத்துத்தான் அதை ஏவுமேடையில் நேராக நிறுத்தினார்கள். இந்தக் கடைசிச் செய்தியை நான்தான் அப்பாவுக்குச் சொன்னேன். பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, "நிறுத்துகதுதானே வேல" என்றார்.

2013 ஜூலை முதல் தேதி நம் நாட்டின் முதல் வழிகாட்டிக் கோள் பி.எஸ்.எல்.வி.யில் போயிற்று. அந்த ராக்கெட் உருவான இடம் தும்பாதான். அப்பா அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பிறகு கருவிக்குப் புது வரைபடம் வருவது நின்றது, போன் வந்தது, கார் கைமாறியது. அப்பாவும் போய்விட்டார். பை வாசலுக்கு வந்தது.

போன வாரம் காற்றில் கதவு படாரென்று அடித்தது. பார்த்தால் தையல் விட்டு மணல் ஒழுகிக் கிடக்கிறது. சாலைக்குப் போய்க் கோணூசி கேட்டேன். கடைக்காரர், "எத்தனை மூட்டை?" என்று கேட்டார். ஒன்று என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு எடுத்துத் தந்தார்.

சிந்திய மணலைக் கூட்டி அள்ளி முறத்தில் சலித்தேன். முக்கால் வரைக்கும் வார்த்தேன். தையல் வந்துவிடும் போலிருந்தது. அந்த முடிச்சு மட்டும் எனக்கு வரவில்லை. நாலு தடவை போட்டு நாலு தடவை அவிழ்ந்தது. அப்பா போட்டது மறு மூலையில் இன்னும் இறுகிக் கிடந்தது. அதைத் தொடாமல், என் நூலின் முனையை அதற்குள் கோத்து இழுத்துவிட்டு, அங்கிருந்தே தைக்க ஆரம்பித்தேன்.