ரப்பருக்கு என்ன கூலி?

பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சீபியூவை மார்போடு அணைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே நடை சுருங்கிவிடும். கேபிள் சுருளும் டூவீலரும் போக மிச்சமிருப்பதுதான் மனிதருக்கு வழி.

கடை மாடியில். அந்தப் படியில் எதிரே ஒருவர் வந்தால் நாம் இறங்கித்தான் ஆக வேண்டும். மேலே ஒரு சின்ன அறை, எல்லோரும் மாஸ்டர் என்றழைக்கும் ஐம்பது வயதுக்காரர், அவரிடம் தொழில் பழகும் ஒரு தம்பி. அன்று முழுக்கக் கூட இருந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "தாராளமா உட்காருங்க சார். வேலைக்கு நடுவுல மட்டும் பேச்சுக் குடுக்காதீங்க" என்றார்.

திருப்புளியைத் தொடவே இல்லை. முதலில் விசாரணைதான். "கரண்ட் போய் வந்துச்சா? இடம் மாத்துனீங்களா? பூஜைக்குத் துடைச்சீங்களா?" துடைத்திருந்தோம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதற்காக மூடியைக் கழற்றி, உள்ளேயும் துணி போட்டிருந்தாள் மகள். தம்பி சிரித்தான். "சரஸ்வதி பூஜை முடிஞ்சா எங்களுக்கு சீசன் சார்."

எனக்கு முன்னால் இரண்டு பெட்டிகள் காத்திருந்தன. முதலாவதில் அசைவே இல்லை. மாஸ்டர் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து பிடுங்கி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்தார். பட்டன் செய்கிற வேலையைத்தான் அந்தக் கம்பி செய்கிறது. விசிறி சுற்றவில்லை. கனெக்டரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "போச்சு" என்றார். விசிறி சுற்றினாலும் நம்ப மாட்டாராம். மஞ்சள் ஒயரில் மல்டிமீட்டர் 11.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அதுவும் கழித்துக்கட்ட வேண்டியதுதான். இறந்துபோன எஸ்எம்பிஎஸ்களின் உள்ளே பல்லி கருகிக் கிடப்பதைத் தம்பி எத்தனையோ முறை பார்த்திருக்கிறானாம். சூட்டுக்கு ஒதுங்க வந்ததுகள்.

இரண்டாவது பெட்டிதான் அன்றைய பாடம். ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, முன்பக்க ஒயர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டிமேல் வைத்தார். மிஞ்சியவை ப்ராசஸர், அதன் விசிறி, கரண்ட். ரேம்கூட இல்லை. சின்னதாக ஒரு ஸ்பீக்கரைச் செருகிவிட்டு, பவர் பின்கள் இரண்டையும் திருப்புளி முனையால் தொட்டார். நான் எதற்கோ காத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ரேம் இல்லாத போர்டு கத்தணும் சார். கத்துச்சுன்னா உயிர் இருக்கு. கத்தலைன்னாதான் பயம்."

போர்டு கத்தவில்லை. இப்படிச் சத்தத்தில் பேசும் வழக்கம் 1981இல் வந்த ஐபிஎம் பீசியிலேயே உண்டு. தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, எல்லாம் சரி என்றால் ஒரே ஒரு குட்டைச் சத்தம். இந்தப் போர்டில் அதுவும் இல்லை, ரேம் காணோம் என்ற அலறலும் இல்லை. ப்ராசஸருக்குப் போகும் தனி 4 பின் கரண்ட், பயாஸ் சிப் என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டு போனார். கடைசியில் ப்ராசஸர் பக்கத்தில் ஒரு மாஸ்ஃபெட் ஷார்ட் என்று மீட்டர் பீப் அடித்தது. கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம்.

2000களின் தொடக்கத்தில் இவ்வளவு பாடு இல்லையாம். அந்தக் காலத்துப் போர்டுகளில் எலக்ட்ரோலைட் சரியில்லாத கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி வெடித்து நிற்கும். மூடியைத் திறந்ததும் கண்ணாலேயே தெரிந்துவிடும். திட கெப்பாசிட்டர்கள் வந்தபின் அந்த வீக்கம் போனது. கூடவே சுலபமான வருமானமும் போனது என்று நினைக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

என் பெட்டியின் முறை வந்தது. ரேமை எடுத்ததும் போர்டு நீளமாக அலறியது. "ஆளு நல்லாதான் இருக்காரு" என்றார். தம்பி பென்சில் ரப்பரால் ரேமின் பொன்னிறப் பற்களை ஒரே திசையில் இரண்டு முறை, மூன்றாவது முறைக்குப் போகாமல், மெல்லத் தேய்த்தான். முலாம் ரொம்ப மெல்லிசு. பற்களை ஸ்பிரிட்டில் துடைத்து, ஸ்லாட்டில் பிரஷ் போட்டு, கிளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்தினான். திரையில் எழுத்து வந்தது. கடிகாரம் மட்டும் ஏதோ பழைய வருஷத்தில் நின்றது. 3 வோல்ட் காட்ட வேண்டிய காசு பேட்டரி 2.4 காட்டியது.

நான் பணம் எடுப்பதற்குள் கீழே ஒரு குரல். காலையில் பெட்டி வாங்கிப்போனவர் திரும்பி வந்திருந்தார். "ரப்பர் வச்சுத் தேய்ச்சதுக்கு முந்நூறா? ஒரு பார்ட்டும் மாத்தலையே!" மாஸ்டர் பதிலே பேசாமல் நூறைத் திருப்பிக் கொடுத்தார். எனக்குத்தான் கோபம் வந்தது. எந்தப் பார்ட்டையும் மாற்ற வேண்டாம் என்று கண்டுபிடித்ததற்குத்தானே அந்தக் காசு?

அவர் என் பழைய பேட்டரியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து என் கையில் கொடுத்தார். பில்லும் எழுதினார். பேட்டரி மாற்றியது: 350 ரூபாய். ஒரே வரிதான். ரப்பரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.