பல் எண்ணிய கதை

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் இலக்கணம் நம் கண்ணில் படுவதில்லை. ஓர் உறுப்பு அறுந்த பிறகே, இத்தனை காலம் அது எந்த விதிக்குக் கட்டுப்பட்டு இயங்கியது என்று கேட்கத் தோன்றுகிறது.

என் தந்தையார் கோவையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 74. பின்கட்டில், மேசைமேல் வைக்கும் சிறிய சீன லேத் ஒன்றில் அக்கம்பக்கத்தாருக்குப் புஷ்களும், குழந்தைகளுக்குப் பம்பரங்களும் கடைந்து கொடுப்பார். அதன் டைமிங் பெல்ட் பல் உதிர்ந்து நின்ற நாளிலிருந்து அவர் பேச்சும் குறைந்துபோனது. பெல்ட்டின் முதுகிலிருந்த எண்ணோ எண்ணெயில் அழிந்துவிட்டிருந்தது.

முதல் கடையில் மெஷினையே மாற்றச் சொன்னார்கள். இரண்டாவது கடைக்காரர் எக்ஸ்எல் வகையில் 65 பல் கொண்ட பெல்ட் ஒன்றை எடுத்து வைத்தார். "அதே நீளம்தானுங்க ஐயா." சுற்றளவு 330 மில்லிமீட்டர்; உண்மையில் அதே நீளந்தான். அப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நீளம் சேருது தம்பி, பல்லு சேராதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

வி-பெல்ட் உராய்வால் இழுப்பது. டைமிங் பெல்ட்டில் ஒவ்வொரு பல்லும் புல்லியின் பள்ளத்தில் அமர வேண்டும். ஆகவே நீளத்தைவிடப் பல்லுக்குப் பல் உள்ள இடைவெளியே முதன்மையானது. உதிர்ந்தவற்றின் தடத்தையும் சேர்த்து எண்ணினால் பழைய பெல்ட்டில் 70 பல். சிதையாத பகுதியில் பத்து இடைவெளிகளை வெர்னியரால் அளந்தார்: 47 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எக்ஸ்எல் என்றால் 50.8 இருக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் வகையென்றால் 50. இது இரண்டுமில்லை. அன்றிரவு 4.71ஐ 3.14ஆல் வகுத்தார். 1.5 வந்தது. "பல்சக்கரக் கணக்கு. மாட்யூல் ஒன்றரை" என்றார். பல நாள்களுக்குப் பின் அவர் முகத்தில் தெளிவைக் கண்டேன்.

செல்லரித்த ஏடுகளைப் பதிப்பித்தவர்களும் இதைத்தானே செய்தார்கள்? எழுத்தை எண்ணினால் இடம் நிரம்பலாம். ஆனால் வெண்பாவில் விடுபட்ட சீர், முன்னும் பின்னும் தளை தட்டாமல் நின்றால்தான் பொருந்தும்.

'மாட்யூல் 1.5, பல் 70' என்று கேட்டதும் நான்காவது கடைக்காரர் வெளியூரிலிருந்து வரவழைத்துத் தந்தார். அப்பா பெல்ட்டை மாட்டி, சுவிட்சைப் போடுமுன் சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு எண்களையும் மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பெயிண்ட்டால் எழுதினார்.

"உங்களுக்குத்தான் மனப்பாடம் ஆகிவிட்டதே, அப்பா?"

"எனக்கு எதுக்கு? அடுத்து ஓட்டறவன் தேடுவானில்ல."