இரண்டு நிமிஷ விமானம்

ஒரு டம்ளர் காப்பியை ஆற்றிக் குடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிஷமாவது ஆகுமல்லவா? அதற்குள் ஒரு விமானம் கிளம்பி, கடலைத் தாண்டி, இறங்கியும் விடுகிறது என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்று ஒரு தீவுக் கூட்டம் இருக்கிறது. அங்கே வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்குப் போகும் விமானம்தான், கால அட்டவணைப்படி நடக்கும் விமானப் பிரயாணங்களில் உலகிலேயே மிகக் குறுகியது. தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர். அட்டவணையில் கண்ட நேரம் இரண்டே நிமிஷம். ஒரு தடவை 53 விநாடியிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது!

"இதென்ன பணக்கார விளையாட்டு? படகில் போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். படகும் உண்டு. ஆனால் குளிர்காலத்தில் அந்தக் கடல் பொல்லாதது. பாப்பா வெஸ்ட்ரேயில் வசிப்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. பெரிய ஆஸ்பத்திரியும் கடைவீதியும் கிர்க்வால் நகரத்தில் இருக்கின்றன. வைத்தியரும் வாத்தியாரும் தீவு தீவாக விமானத்தில் வந்து போகிறார்கள். நமக்கு டவுன் பஸ் எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி.

இந்த விமானத்தை நடத்தும் கம்பெனியின் பெயர் லோகன்ஏர். பிறந்த கதையே சுவாரசியமானது. வில்லி லோகன் என்பவர் பாலங்கள் கட்டும் காண்டிராக்டர். டே நதியின் மேல் பெரிய சாலைப் பாலம் கட்டும் வேலை அவருடைய கம்பெனியிடம் இருந்தது. ஊர் ஊராக அலைய வேண்டியவர், 1962-ல் ஒரே ஒரு சின்ன விமானத்தை வைத்துக்கொண்டு வாடகை விமானத் தொழிலையும் ஆரம்பித்தார். 1966 ஜனவரியில் ஒரு விமான விபத்திலேயே அவர் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்ட பாலத்தை அவர் கண்ணால் காணவில்லை.

கம்பெனியோ நிற்கவில்லை. அடுத்த ஆண்டே ஆர்க்னித் தீவுகளுக்கிடையே சேவையைத் தொடங்கியது. இதற்கு வாய்த்த விமானத்தின் பெயரே 'ஐலண்டர்', அதாவது தீவுவாசி! எட்டுப் பிரயாணிகள்தான் ஏறலாம். உபசரிக்கப் பணிப்பெண் கிடையாது. ஒரு பிரயாணிக்கு விமானியின் பக்கத்து ஆசனமே கிடைக்கும். குழந்தைகளுக்குக் கேட்க வேண்டுமா!

ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள பாரா தீவில் இன்னொரு அதிசயம். அங்கே விமான நிலையத்தின் ஓடுதளம் கடற்கரை மணல்தான். அலை வற்றியிருக்கும் வேளையில் விமானம் இறங்கும். அலை ஏறினால் ஓடுதளம் தண்ணீருக்குள் போய்விடும். அட்டவணை எழுதுகிறவர் கடலைக் கேட்டுக்கொண்டுதான் எழுத வேண்டும். மணலில் சிப்பி பொறுக்குகிறவர்கள், காற்றுத் திசை காட்டும் பை பறந்தால் விலகிவிட வேண்டும்.

இவையெல்லாம் வேடிக்கை. ஆனால் நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி கண்டால்? லோகன்ஏர் பல ஆண்டுகள் ஆம்புலன்ஸ் விமானமும் ஓட்டியது. கிளாஸ்கோ நகரத்து ஆஸ்பத்திரி நர்ஸுகள் தாமாகவே முன்வந்து, புயலென்றும் பாராமல் அதில் ஏறிப் போனார்கள். அதில் அபாயம் இல்லாமலில்லை. 2005 மார்ச்சில் நோயாளியை அழைத்து வரப் புறப்பட்ட ஒரு விமானம் கடலில் விழுந்து, விமானியும் மருத்துவ உதவியாளரும் மாண்டார்கள். 2006-ல் அந்தப் பணி வேறு கைக்கு மாறியது.

ஒரே விமானத்தில் தொடங்கிய கம்பெனி பிற்பாடு பெரிதாக வளர்ந்தது. 2020-ல் பிளைபி என்ற பெரிய கம்பெனி நொடித்தபோது, அது விட்டுப்போன தடங்கள் பலவற்றை எடுத்துக்கொண்டதும் லோகன்ஏர்தான்.

ஆனாலும் அந்த இரண்டு நிமிஷப் பிரயாணத்தைக் கைவிடவில்லை. எட்டுப் பேர் டிக்கெட்டில் லாபம் வருமா? வராது. ஆர்க்னித் தீவுகளின் நகரசபை பணம் கொடுத்துத் தாங்குகிறது. தாங்காவிட்டால், வைத்தியரும் வாத்தியாரும் வராத தீவில் குழந்தை குட்டிகளோடு யார் இருப்பார்கள்? மெள்ள மெள்ள வீடுகளைப் பூட்டிக்கொண்டு போய்விடமாட்டார்களா?

நாளைக் காலையில் காப்பி ஆற்றும்போது அந்தத் தீவைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அங்கே யாரோ ஒரு தாய், குழந்தையுடன் பத்திரமாக இறங்கியிருப்பாள்.