அறுபது நாள் கணக்கு

மார்ச் 6, புக்கிட் ரோத்தான்

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் வேலைநீக்கக் கடிதத்தோடு வந்தார். உதிரிப் பழத்தை வெளியே விற்றார் என்று குற்றச்சாட்டு. 18 வருட வேலை. கடிதத் தேதி பிப்ரவரி 12. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "மேனேஜருக்கு அப்பீல் எழுதியிருக்கேன் டீச்சர், பதில் வரட்டும்னு இருந்தேன்" என்றார்.

எனக்குப் பதறியது. நம்மவர்கள் வழக்கை இழப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான். மலேசியாவின் 1967 தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, நீக்கப்பட்டவருக்கு 60 நாள்தான் தருகிறது. விடுமுறை நாளும் அதில் சேரும். கம்பெனிக்கு எழுதிய அப்பீலோ, "பேசிப் பார்க்கிறேன்" என்ற யூனியன் தலைவரின் வாக்கோ, சட்டமன்ற உறுப்பினரின் சிபாரிசோ அந்தக் கணக்கை ஒரு நாள்கூட நிறுத்தாது. ஃபங் கியோங் ரப்பர் தொழிற்சாலை வழக்கில் 1981-லேயே கூட்டரசு நீதிமன்றம் அப்போதிருந்த கெடுவைக் கறாராகப் பிடித்தது. அண்ணனுக்குச் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே கெடு முடிகிறது.

மார்ச் 7

லேபர் ஆபீஸில் மனு கொடுத்தால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். சம்பள பாக்கி, ஓவர்டைம், ஆட்குறைப்புப் பணம் இவற்றுக்கு லேபர் ஆபீஸ் சரி. அநியாயமாக நீக்கிவிட்டார்கள், வேலையைத் திருப்பிக் கொடு என்று கேட்பதற்குத் தொழிலியல் உறவு இலாகாவுக்குத்தான் போக வேண்டும். சிலாங்கூருக்கு ஷா ஆலாமில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. மனுவில் "மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும்" என்று எழுதச் சொன்னேன். அந்த மேனேஜர் முகத்தில் இனி விழிக்கவே விருப்பமில்லை என்றார் அண்ணன். அது நியாயமான கோபம். ஆனாலும் இந்தப் பிரிவின் உயிரே அந்தக் கோரிக்கைதான். பணம் மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தால் வழக்கே ஆட்டம் காணலாம்.

மார்ச் 9

மனு இன்னும் போகவில்லை. காரணம் இன்று அவர் மனைவி வாயிலிருந்து வந்தது. அக்கா அதே தோட்டத்தில் மருந்தடிக்கிறார். "கேஸ் போட்டா லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவான் டீச்சர். பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்க போறது?"

இதற்குச் சட்டப் புத்தகத்தில் சுலபமான பதில் இல்லை. வேலையும் கூரையும் ஒரே கையில் இருக்கும் இடத்தில் வாய் திறக்கத் தனித் தைரியம் வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கத்து மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் தோட்டத்துக் குடும்பங்கள் வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் போராடியதை இங்கே எல்லோரும் அறிவார்கள். அக்காவின் பயம் அங்கிருந்து வருகிறது. நான் சொன்னது ஒன்றுதான்: அக்காவும் அங்கே வேலை செய்கிறவர், வீட்டைப் பற்றி எது வந்தாலும் எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லுக்குச் சாமான் கட்டாதீர்கள். இரவு வெகுநேரம் பேசினோம். கடைசியில் "குடுத்துட்டு வாங்க" என்று அக்காவே சொன்னார்.

மார்ச் 11

ஷா ஆலாம் போய் வந்தோம். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கியாயிற்று. அந்தத் தாள்தான் இனி அவருக்குக் காவல்.

மார்ச் 16

காகிதங்களைத் தேடினோம். சம்பளச் சீட்டுகள், இ.பி.எஃப். கணக்கு, பிரட்டுக்களத்துப் படங்கள், மண்டோர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள். பழைய போனை விற்கப் போனவரைத் தடுத்தேன். உள்விசாரணை வைக்காமலே நீக்கியிருக்கிறார்கள். அதனாலேயே ஜெயித்துவிடலாம் என்று கூட இருந்த தம்பி சொன்னான். அப்படியில்லை. 1995-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்துவிட்டது: விசாரணை நடக்காவிட்டாலும் முதலாளி நீதிமன்றத்தில் புதிதாகச் சாட்சி வைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம். ஆனால் நிரூபிக்கும் பாரம் முதலாளியுடையது. ஆகவே அன்று காலை யார் உடனிருந்தார்கள், லாரி எத்தனை மணிக்குப் போனது என்பதை ஞாபகம் மங்குமுன் எழுதி வைக்கச் சொன்னேன்.

கிராணி ஒரு ராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார், "பேர் கெடாம இருக்கும்" என்று. கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். போட்டபின் கட்டாயத்தில் போட்டேன் என்று காட்டுவது தொழிலாளியின் பாரமாகிவிடும்.

ஏப்ரல் 22

இலாகாவில் சமரசப் பேச்சு. இங்கே வக்கீலுக்கு இடமில்லை. அதிகாரி தீர்ப்பும் சொல்வதில்லை. கம்பெனி இரண்டு மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னது. அண்ணனிடம் முன்பே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தேன்: வென்றால், வேலைக்குப் பதிலாக வருடத்துக்கு ஒரு மாதம் என 18 மாதச் சம்பளம், அதோடு 24 மாதம் வரை பின்சம்பளம். இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததையும் தன் பக்கத்துத் தவறையும் பார்த்து நீதிமன்றம் குறைக்கும். முழுதும் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் இரண்டு மாதம் எவ்வளவு சிறியது என்று அவருக்கே தெரிந்தது. மறுத்துவிட்டார்.

2021-க்கு முன்பு என்றால் கோப்பு அமைச்சர் மேசைக்குப் போகும். அவர் அனுப்பாமலும் விடலாம். இப்போது தீராத வழக்கைத் இலாகாவின் தலைமை இயக்குநரே தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். அங்கே வக்கீல் வைக்கலாம். வழக்கறிஞர் மன்றத்துச் சட்ட உதவி மையத்தை அடுத்த வாரம் போய்க் கேட்கிறோம். வேறு வேலைக்குப் போனால் அங்கே கிடைக்கும் சம்பளத்தையும் இப்போதிருந்தே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன், நீதிமன்றம் கேட்கும்.